இதனால் போக்குவரத்து பாதிக்கப்பட்டது

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: 'இதனால் அப்பகுதியில் சுமார் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.' பஸ் மறியல், சாலை மறியல் என்று எது நடந்தாலும் செய்தி இந்த வாக்கியத்தில்தான் போய் முடியும். இதற்கு முன்னால் வருகிற வாக்கியங்களும் அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். பஸ் வசதி கோரி காலனி மக்கள் திடீர் மறியல். தகவல் அறிந்த போலீசார் விரைந்து வந்து பேச்சுவார்த்தை. உரிய நடவடிக்கை எடுப்பதாக உறுதி. மறியல் கைவிடப்பட்டது. கடைசியில் போக்குவரத்து பாதிப்பு.

இதில் 'திடீர்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ரெண்டு வருஷமா மனு மேல மனு கொடுத்து, திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து, டெப்போவுக்கு நடையா நடந்து, அதுக்கப்புறம் ரோட்டுக்கு வந்த சனத்தை 'திடீர்' என்கிறது பத்திரிகை. யாருக்குத் திடீர்? அந்த பஸ்ஸில் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவருக்குத்தான் திடீர். செய்தி அவருடைய சீட்டிலிருந்து எழுதப்படுகிறது. பாதிக்கப்பட்டது யாருடைய போக்குவரத்து என்ற கேள்வியும் அப்படித்தான். காலனிக்காரர்களின் போக்குவரத்து அந்த பஸ் நிற்காமல் போன முதல் நாளிலிருந்தே பாதிக்கப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு யாரும் மணிக்கணக்குப் பார்த்து எழுதவில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஓடுகிற பஸ் செய்தியாவதில்லை, நிறுத்தப்பட்ட பஸ்தான் செய்தி. தலித்துகளின் பிரச்சினையோ பஸ் நிற்காமல் ஓடுவது. செய்தி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நம் கதை முடிந்துபோகிறது. நாளைக்கு யாராவது இந்த மாவட்டங்களின் வரலாற்றை எழுத வந்தால் அவர்கள் கையில் கிடைக்கப் போவது பழைய பேப்பர் கட்டும் போலீஸ் எப்.ஐ.ஆரும்தான். ரெண்டிலும் நாம் மறியல் செய்தவர்களாகவும் கல்லெறிந்தவர்களாகவும் மட்டுமே இருப்போம். ஏன் ரோட்டுக்கு வந்தோம் என்பது எந்தக் கட்டிலும் இருக்காது.

*

நிற்காத பஸ் என்றால் என்ன? தென்மாவட்டக் கிராமங்களில் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 'நாம கை காட்டுனா நூறு கெசம் தள்ளிப் போயித்தான் நிறுத்துவான். ஓடிப் போயி ஏறணும். புள்ளத்தாச்சியா இருந்தாலும் ஓடணும்.' ஊர் ஸ்டாப்புக்கே போய் ஏறலாமே என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. 'ஊர்த்தெரு வழியா நடக்கணும்னா செருப்பக் கையில எடுக்கணும். அதுக்கு ஓடி ஏறுறதே மேலு.' நிழற்குடை கட்டினால் அது ஊர்க்காரர்கள் உட்காரும் திண்ணையாகிவிடும். நம் பெண்கள் வெயிலில் தள்ளி நிற்பார்கள். ஏறிய பிறகு சீட்டு காலியாக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அது எல்லா ஊரிலும் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நாவலில் இந்த பஸ் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேல்சாதிப் பெண் எந்தத் தெரு என்று விசாரிப்பதும், சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு இடம் தேடுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. தினம் தினம் ஆயிரக்கணக்கான பஸ்களில் நடந்திருக்கக்கூடிய சங்கதி இது. அதை எழுத ஒரு தலித் பெண் தன் வாழ்க்கையை எழுதுகிறவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாவட்டந்தோறும் பதிப்பு, தாலுகாதோறும் நிருபர் வைத்திருந்த நாளிதழ்களுக்கு இது கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் இது வெறும் அசௌகரியம் கிடையாது, குற்றம். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அதே சட்டம், பொது வாகனத்தைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பதைத் தண்டனைக்குரியது என்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தத்திலும் பொது வாகனம், பொதுச் சாலை இரண்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பத்திரிகையில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: 'அவதி'. பஸ் வசதி இன்றி கிராம மக்கள் அவதி. வெயிலில் அவதி, மழையில் அவதி என்று எழுதுகிற அதே அவதி. அவதிக்குக் குற்றவாளி கிடையாது. சட்டப் புத்தகத்தில் குற்றமாக இருப்பது செய்திப் பக்கத்தில் பருவநிலை ஆகிவிடுகிறது.

பஸ் நிற்காத ஒவ்வொரு இடத்திலும் சாதிதான் காரணம் என்று நான் வாதாடவில்லை. வசூல் இல்லாத ரூட் இருக்கிறது, ஆள் பற்றாக்குறை இருக்கிறது, ஓட்டை பஸ் இருக்கிறது, டீசல் கணக்குக்காக டிரிப்பை வெட்டுகிற டெப்போ இருக்கிறது. ஓட்டுநரும் நடத்துநரும் கூலிக்கு உழைக்கிறவர்கள்தான். அவர்கள் பக்கத்து நியாயமும் இருக்கும். இதில் எது காரணம் என்று கேட்டு எழுதுவதுதான் நிருபரின் வேலை. அதே ரூட்டில் அதே பஸ் ஊர் ஸ்டாப்பில் நின்று, அரைக் கிலோமீட்டர் தள்ளி காலனி ஸ்டாப்பில் நிற்காமல் போகிறதென்றால் வசூல் கணக்கு செல்லாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே செய்தியின் முகம் மாறிவிடும்.

*

சாலையும் வாகனமும் நமக்கு எப்போதும் அரசியலாகத்தான் இருந்திருக்கின்றன. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் எதைக் கேட்டது? பொதுச் சாலையில், தெருவில், பொதுக் கிணற்றில், அரசு அலுவலகத்தில் எல்லோரையும் போல ஆதிதிராவிடர்களும் புழங்க எந்தத் தடையும் கூடாது என்றுதான். அதே 1924இல்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. நடக்கும் உரிமைக்கே தீர்மானமும் சத்தியாகிரகமும் தேவைப்பட்ட காலத்தில்தான் மோட்டார் பஸ் நம் சாலைகளுக்கு வந்தது.

முதலில் ஓடியவை தனியார் பஸ்கள். முதலாளியின் பஸ்ஸில் யார் ஏறலாம் என்பது முதலாளியின் சாதி மனசைப் பொறுத்தது. 1920களின் கடைசியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத்துக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். தமிழ்நாட்டுப் போக்குவரத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் எத்தனை பஸ், எத்தனை மைல், எந்தக் கம்பெனி என்று எழுதுவார்கள். இந்த உத்தரவு அந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் இருக்க வேண்டியது. உரிமம் ரத்து என்று மிரட்டித்தான் ஒரு சனத்தை பஸ்ஸில் ஏற்ற முடிந்தது என்றால், அதற்கு முன் எத்தனை வருஷம் எத்தனை பேர் பஸ் பக்கத்திலேயே நடந்து போயிருப்பார்கள்?

1929இல் டாக்டர் அம்பேத்கருக்கு நடந்ததைப் பாருங்கள். தீண்டத்தகாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவில் உறுப்பினராக இருந்தவர், தூலியாவிலிருந்து திரும்பும் வழியில் சாலிஸ்கானில் இறங்கினார். மகர் குடியிருப்புக்கு அவரை ஏற்றிச் செல்ல டோங்கா வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத சொந்தச் சனத்தில் ஒருவரே ஓட்டினார். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது. இதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். நம் மாவட்டப் பக்கத்து நிருபர் அன்றைக்கு சாலிஸ்கானில் இருந்திருந்தால் எப்படி எழுதியிருப்பார்? 'குதிரை வண்டி கவிழ்ந்து வக்கீல் காயம்.' எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது. வண்டி கவிழ்ந்தது உண்மை, காயம் உண்மை. கால் ஏன் முறிந்தது என்பது மட்டும் செய்தியில் இருக்காது. உள்ளூர்ச் செய்தியின் தரம் பற்றிப் பேசும்போது பொய்ச் செய்தியை மட்டும் தேடுகிறோம். இந்த மாதிரி உண்மைச் செய்தியைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன்.

இதையெல்லாம் எழுத நமக்குப் பத்திரிகையே இல்லாமல் போகவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே 'பறையன்' இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி 1914இல் சாகும்வரை விடாமல் எழுதினார். 'தினமணி' வந்தது 1934இல். டீக்கடைவரை செய்தியைக் கொண்டுபோன 'தினத்தந்தி' வந்தது 1942இல். நாம் அவர்களுக்கு முன்னாடியே அச்சுக்கு வந்தவர்கள். தொடர்ந்து நடத்தத்தான் காசும் கட்டடமும் விளம்பரமும் இல்லாமல் போயிற்று. தினசரி என்பது முழுக்க மற்றவர்கள் கைக்குப் போனது. அந்த டீக்கடையில் பேப்பர் ஒன்றாகவும் கிளாஸ் ரெண்டாகவும் இருந்ததை அந்தப் பேப்பர் எத்தனை நாள் எழுதியது?

*

1972இல் தனியார் பஸ்கள் அரசுடைமையாக்கப்பட்டு போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. இதன் அருமையை நாம் குறைத்துப் பேசக்கூடாது. முதலாளி பஸ் போய் அரசாங்க பஸ் வந்ததும் டிக்கெட் வாங்கியவனுக்குச் சீட்டு என்பது கொள்கை அளவிலாவது உறுதியானது. சேரிப் பிள்ளைகள் ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் போனது இந்த பஸ்களில்தான். நம்மிலிருந்தும் கண்டக்டர், டிரைவர், மெக்கானிக் என்று ஒரு தலைமுறை வேலைக்குப் போனது.

கழகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று ராஜாக்கள் முதலில் வந்தார்கள். பிறகு கட்டபொம்மன், மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள், அழகுமுத்துக்கோன் என்று பட்டியல் நீண்டது. 1994இல் சென்னையில் பல்லவனைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் பெயரிலும் ஒரு கழகம் வந்தது. எந்தச் சாதிக்கு எந்தப் பெயர் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பஸ்ஸின் நெற்றியில் ஒட்டியிருந்த பெயர்கள் வெறும் அடையாளம்தான் என்று யாராவது சொன்னால், 1997ஐப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

1997 மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி. கவர்னகிரியைச் சேர்ந்தவர், பள்ளர் குலத்தில் பிறந்தவர், வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர். கட்டபொம்மன் பெயரிட்ட பஸ் 1974 முதல் திருநெல்வேலிச் சீமையெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏற யாருக்கும் கூச்சம் வரவில்லை. தளபதியின் பெயரைத் தாங்கிய பஸ் வந்ததும், பள்ளன் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்ப்புக் கிளப்பினார்கள். பஸ்கள் உடைக்கப்பட்டன. சிலைகள் அவமதிக்கப்பட்டன. தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்கள் போயின. ஜூலையில் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிடுவது. இன்றைக்கு நாம் ஏறுகிற 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இதை உள்ளூர்ச் செய்திகள் எந்தச் சொற்களில் சொல்லின? 'பெயர் பிரச்சினை.' 'சாதி மோதல்.' 'இரு பிரிவினரிடையே பதற்றம்.' கலவர நேரத்தில் சமூகங்களின் பெயரைத் தவிர்ப்பது பத்திரிகைத் துறையில் ஒரு மரபு. நெருப்பில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்பது அதன் நோக்கம், அது நல்ல நோக்கம்தான். ஆனால் அடித்தவனையும் அடிபட்டவனையும் 'இரு பிரிவினர்' என்று ஒரே கயிற்றில் கட்டும்போது யார் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள் என்ற அடிப்படைத் தகவலே காணாமல் போகிறது. 'பெயர் பிரச்சினை' என்றால் பெயர் செய்த பிரச்சினை. ஒரு பெயர் தானாக எழுந்து பஸ்ஸை உடைத்ததா? தீண்டாமை ஒரு டிக்கெட்டுக்குப் பதிலாகப் பெயர்ப்பலகையின் மேல் காட்டப்பட்டது என்று எழுதியிருந்தால் அது 1955 சட்டத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டிருக்கும். அப்படி எழுதாததால், எல்லாப் பெயரையும் எடுத்தது சமரசமாகவும் அமைதியாகவும் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் மற்ற பெயர்கள் ஓடியபோது இல்லாத அமைதிக்குறைவு, ஒரு தலித் பெயர் சில வாரம் ஓடியதும் வந்துவிட்டது. அதற்கான விலையையும் அந்தப் பெயர்தான் கொடுத்தது.

அதே கோடையில், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் நின்று ஜெயித்தது அவர் செய்த குற்றம். அவர் வந்த பஸ்ஸை மறித்து அவரையும் சேர்த்து ஆறு தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். பொது பஸ், பட்டப்பகல், கூட சனங்கள். மே மாதம் பஸ்ஸின் பெயர், ஜூன் மாதம் பஸ்ஸுக்குள் கொலை, ஜூலையில் பெயர் நீக்கம். மூன்று மாதங்களில் நடந்த மூன்று சங்கதிகள். மூன்றும் தனித்தனிச் செய்திகளாக, தனித்தனிப் பக்கங்களில் வந்து போயின. பொது இடம் என்று சொல்லப்படுகிற பஸ்ஸில் தலித்துக்கு என்ன இடம் என்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் இருந்தது.

அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், 1995 ஜூலையில், சங்கரன்கோவில் பக்கத்து வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் தலித் மாணவர்களுக்கும் நடந்த தகராறிலிருந்துதான் அந்த வருஷத்துக் கலவரம் கிளம்பியது என்பார்கள். அது ஊர் ஊராகப் பரவி, ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் படையே புகுந்து வீடுகளையும் பொருள்களையும் நொறுக்கி, குடிதண்ணீர்க் கிணற்றைப் பாழாக்கியதில் போய் நின்றது. 'பஸ்ஸில் தகராறு' என்று அந்தத் தொடக்கத்தை ரெண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். மாணவர்களுக்கும் டிரைவருக்கும் என்ன பேச்சு நடந்தது, அதற்கு முன்னால் அந்த ரூட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டு எழுதியிருந்தால் அடுத்த ஒரு மாதத்தில் யாராவது விழித்திருக்க இடம் இருந்தது. கொடியன்குளத்தில் என்ன நடந்தது என்பதை வெளியுலகம் முழுசாகத் தெரிந்துகொண்டதில் மனித உரிமை இயக்கங்களின் உண்மை அறியும் குழுக்களுக்குப் பெரிய பங்குண்டு. உள்ளூர் நிருபர் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு, சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் குழு வந்து வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.

*

நிருபர் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். தாலுகா நிருபர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. வந்த செய்திக்குத் தகுந்த சில்லறைதான் அவர்களுக்கு. பலருக்கு ஏஜென்சியும் விளம்பரம் பிடிப்பதும்தான் பிழைப்பு. கோயில் கொடை விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் யாரிடமிருந்து வரும்? ஊர்ப் பெரியதனக்காரரிடமிருந்து, ரைஸ் மில்காரரிடமிருந்து, மினி பஸ் முதலாளியிடமிருந்து. செய்தி எங்கிருந்து வரும்? போலீஸ் ஸ்டேஷனிலிருந்து. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் அன்றைய செய்தி ரெடி. பஸ் ஓடாத காலனிக்குப் போக நிருபருக்கும் பஸ் கிடையாது. அதனால் போலீஸ் எப்படிச் சொல்கிறதோ அப்படியே செய்தி: மறியல், சமரசம், போக்குவரத்து பாதிப்பு. இது போலீசின் பார்வை. சாலையைக் காலி செய்வது போலீசின் வேலை, எனவே சாலை காலியானதும் செய்தி முடிந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், எழுதுகிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்து, ஒருவரும் கிடைக்கவில்லை என்று 'பயனியர்' பத்திரிகையில் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 2006இல், யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் மூவரும் டெல்லி ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். அதிலும் தலித், ஆதிவாசி ஒருவர்கூட இல்லை. டெல்லிக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிய அனுபவம் உள்ள ஒருத்தர் செய்தி மேசையில் இருந்தால் 'திடீர்' என்ற சொல்லை அடிப்பார். எந்த ஊர் மேசைக்கும் இது பொருந்தும்.

இப்போது நிலைமை மாறவில்லையா என்றால், கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், நாறுகிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டார். சில நாள்களில் நாகர்கோவிலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று அதேபோல இறக்கிவிடப்பட்டது. இரண்டும் செல்போன் வீடியோவில் பரவின, ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள், அதற்குப் பிறகு எல்லாப் பத்திரிகையும் எழுதியது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவரை இழுத்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். அதுவும் பெரிய செய்தியானது. கபடியில் ஜெயித்த கோபம் என்று காரணமும் வந்தது. ஆனால் கவனியுங்கள், வீடியோ வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட விரல் வேண்டும். ரத்தம் சிந்தாத நாள்களில் அந்தப் பிள்ளைகள் எந்தச் சீட்டில் உட்கார்கிறார்கள், எந்த ஸ்டாப்பில் பயந்துகொண்டு இறங்குகிறார்கள் என்பதற்கு இன்னும் நிருபர் இல்லை.

*

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? பத்திரிகைக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தால் கட்டு கட்டாகப் பழைய பேப்பர்தான் சேரும். 1997இல் 'தலித் முரசு' போன்ற இதழ்கள் வந்தபோது நாம் நம் எழுத்தைத் தொடங்கினோம். படுகொலைகளைப் பதிவு செய்தோம். அது அவசியமாக இருந்தது. ஆனால் நிற்காத பஸ்ஸை நாமும் சரியாகப் பதிவு செய்யவில்லை. கொலைக்கு முன்னால் இருக்கும் தினசரி அவமானம் சின்ன விஷயம் என்று நம் கையிலும் நழுவிப் போகிறது.

இந்த இதழை வாசிக்கும் மாணவர்கள் ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளட்டும். காலனி ஸ்டாப்பில் ஒரு வாரம் உட்காரட்டும். ரூட் நம்பர், வர வேண்டிய நேரம், வந்த நேரம், நின்றதா, நிற்கவில்லையா, எத்தனை பேர் ஏற நின்றார்கள், அடுத்த ஸ்டாப்பில் நின்றதா என்று எழுதட்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட நிறுத்தங்களின் பட்டியல் என்ன, அந்த மாதத்தில் வெட்டப்பட்ட டிரிப்புகள் எத்தனை என்று கிளை மேலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். எந்தத் தேதியில் மனு கொடுத்தோம், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று ஊரில் கேட்டுக் குறிக்கலாம். கடைசி பஸ் நிற்காததால் எந்தப் பெண் பிள்ளை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தியது என்று ஆத்தாக்களிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்.

இதெல்லாம் கையில் இருந்தால், அடுத்த முறை மறியல் நடக்கும்போது நிருபரிடம் கொடுக்க நமக்கு ஒரு தாள் இருக்கும். அவர் போடாவிட்டால் நாம் போடுவோம். அந்தச் செய்தி இப்படித் தொடங்கலாம்: இத்தனாம் நம்பர் பஸ் இந்தக் காலனி நிறுத்தத்தில் இத்தனை மாதமாக நிற்கவில்லை. ஊர் நிறுத்தத்தில் நின்றது. இத்தனை மனுக்கள் கொடுக்கப்பட்டன, எதற்கும் பதில் இல்லை. இத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். இதனால் மக்கள் இன்று சாலைக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு, இடமிருந்தால், ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.